மூன்று கோப்புகளில் ஒரே பெயர்: பொதுப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் அன்பளிப்பும் வெளிப்பணியும்

பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மையக் கருவி ஆய்வகத்தில் நடந்த நிகழ்வு இது. விசாரணைக்கு அமைக்கப்பட்ட மூவர் குழுவில் நான் உறுப்பினர் செயலர். சம்பந்தப்பட்டவர்கள், நிறுவனங்கள், ஊர் எதுவும் இங்கே பெயரிடப்படவில்லை. இதைப் படிக்கும் பதிவாளர் அலுவலகங்களும் துறைத் தலைவர்களும் தங்கள் கோப்புகளை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பின்னணி

ஆய்வகத்தின் ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பை ஒரே ஒரு முதுநிலைத் தொழில்நுட்ப அலுவலர்தான் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கவனித்துவந்தார். கருவியை இயக்குவது, மாதிரி தயாரிப்பு, முன்பதிவு, சிறு பழுதுகள் எல்லாமே அவர் கையில். இழை மாற்றுவதற்குக்கூட நிறுவனப் பொறியாளருக்காகக் காத்திருக்க மாட்டார். ஆய்வு மாணவர்கள் தங்கள் ஆய்வேடுகளின் நன்றியுரையில் தவறாமல் குறிப்பிடும் பெயர் அவருடையது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒழுங்கு மீறல் என்றதும் நம் மனத்தில் எழும் ஆள் வேறு மாதிரி இருப்பார்.

அவர் பேராசிரியர் அல்லர். அந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களுக்கு ஆலோசனைப் பணி விதி இருந்தது: வாரத்துக்கு ஒரு நாள் அளவுக்கு வெளிப்பணி செய்யலாம், வருமானத்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டும். பல நாடுகளின் பல்கலைக்கழகங்களில் ஏறக்குறைய இதே வழக்கம்தான். தொழில்நுட்ப ஊழியர்களைப் பற்றி அந்த விதியில் ஒரு வரிகூட இல்லை. அவர்கள் வெளிப்பணி செய்யலாமா, கூடாதா என்ற கேள்விக்குத் துறைத் தலைவர் யாரோ அவர் மனம்தான் விதி.

நிகழ்வுக்கு முந்தைய சில ஆண்டுகளில் அவர் தொடர்பாக மூன்று காகிதங்கள் உருவாகியிருந்தன.

முதலாவது, துறைத் தலைவர் அளித்த தடையில்லாச் சான்று. தனியார் பரிசோதனை நிறுவனம் ஒன்றுக்கு 'விடுமுறை நாட்களில் கல்விசார் ஆலோசனை' வழங்க அனுமதி. எத்தனை மணி நேரம், என்ன வேலை, எதுவரை என்று எதுவும் அதில் இல்லை. அதை அளித்த துறைத் தலைவர் ஓய்வு பெற்ற பிறகும் சான்று செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது, பயணக் கோப்பு. மைக்ரோஸ்கோப்பை விற்றுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் வைத்திருந்த நிறுவனம், வெளிநாட்டில் ஒரு வாரப் பயிற்சிக்கு அவரைப் பெயர் சொல்லி அழைத்தது. பல்கலைக்கழகம் பணிநிமித்த விடுப்பு கொடுத்தது. செலவு என்ற கட்டத்தில் 'நிறுவனமே ஏற்கும்; பல்கலைக்கழகத்துக்குச் செலவில்லை' என்று எழுதி, அதை ஒரு நற்செய்தியாகவே எல்லா மேசைகளும் கையெழுத்திட்டு அனுப்பிவைத்தன. பயிற்சி முடிவில் பங்கேற்ற அனைவருக்கும் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள். அதைப் பற்றிக் கோப்பில் எதுவும் இல்லை.

மூன்றாவது, கொள்முதல் கோப்பு. அதே மைக்ரோஸ்கோப்புக்குப் புதிய எக்ஸ் கதிர் டிடெக்டர் வாங்கும் தொழில்நுட்ப விவரக்குறிப்பை எழுதியவர் இவர். கொள்முதல் பிரிவு வாங்கிய உறுதிமொழிப் படிவத்தில், 'எனக்கோ என் குடும்பத்தினருக்கோ ஒப்பந்தப்புள்ளி அளிக்கும் நிறுவனங்களில் பங்கோ பதவியோ இல்லை' என்று இருந்தது. கையெழுத்திட்டார். அதில் பொய் ஏதும் இல்லை.

முதல் காகிதம் துறை அலுவலகத்தில், இரண்டாவது நிர்வாகப் பிரிவில், மூன்றாவது கொள்முதல் பிரிவில் இருந்தன. மூன்றையும் ஒரே நாளில் ஒரே ஆள் பார்த்ததே இல்லை.

முதலில் கண்ணில் பட்டது

புகார் அன்பளிப்பைப் பற்றியோ வெளிப்பணியைப் பற்றியோ வரவில்லை. வரிசையைப் பற்றி வந்தது.

ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டிய மாணவர் ஒருவருக்கு மூன்று வாரமாக நேரம் கிடைக்கவில்லை. வெள்ளி மாலைகள் எல்லாம் முன்பதிவு ஏட்டில் 'பராமரிப்பு' என்று சிவப்பு மையில் அடைக்கப்பட்டிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை நேரில் போய்க் கேட்டிருக்கிறார். "தம்பி, மெஷின் சர்வீஸ்ல இருக்கு, திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று பதில் கிடைத்தது. திங்களன்று தன் பழைய படங்களை எடுக்கக் கணினியைத் திறந்தபோது, வெள்ளி மாலை தேதியிட்ட கோப்புறை ஒன்றைப் பார்த்தார். உள்ளே வரிசையாகப் படங்கள். கோப்புப் பெயர்கள் ஆய்வகத்தின் வழக்கப்படி துறைச் சுருக்கத்தில் தொடங்காமல் ஏதோ மூன்றெழுத்துக் குறியீட்டில் தொடங்கின. பழுதில் இருக்கும் கருவி படம் எடுக்காது என்பதுதான் அவர் தன் நெறியாளரிடம் சொன்ன ஒரே வாதம்.

நெறியாளர் நேராகப் பதிவாளருக்கு எழுதவில்லை. முதலில் அலுவலரிடமே பேசினார். 'பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய ஒருவரின் அவசர மாதிரி' என்று கிடைத்த பதில் அவருக்கு உறுத்தியது. அதன் பிறகே எழுத்துமூலம் புகார் சென்றது. மாணவர் பெயர் அதில் இல்லை. நெறியாளர் தன் பெயரிலேயே கொடுத்தார். சரியான முடிவு. ஆய்வு மாணவரின் அடுத்த ஆறு மாதத் தரவு அந்த அலுவலரின் கையில்தான் இருந்தது.

குழு பார்த்தவை

குழு முதலில் செய்தது கருவியின் கணினிப் பதிவுகளை நகலெடுத்துப் பூட்டி வைத்தது. விளக்கம் கேட்கும் குறிப்பாணை அதற்கு மறுநாள்தான் போனது. இந்த வரிசை மாறியிருந்தால் பின்னால் எழும் எல்லா வாதமும் 'யார் அழித்தது' என்பதில் போய் நின்றிருக்கும்.

கருவியின் இயக்கப் பதிவு, முன்பதிவு ஏடு, பராமரிப்புப் பொறியாளர் விட்டுச்சென்ற சேவை அறிக்கைகள் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஏட்டில் 'பராமரிப்பு' என்று இருந்த நாட்களில் மிகச் சிலவற்றுக்கே சேவை அறிக்கை இருந்தது. மற்ற நாட்களில் கருவி மாலை முழுக்க ஓடியிருந்தது. அந்த மூன்றெழுத்துக் குறியீடு, தனியார் பரிசோதனை நிறுவனம் தன் மாதிரிகளுக்கு வைக்கும் எண்ணின் முன்னொட்டு. அந்த நிறுவனம் வெளிப்பயனர் கட்டணத்தில் சில மாதிரிகளை முறைப்படி அனுப்பியும் இருந்தது. கட்டணம் கட்டியவை ஒரு பகுதி, கட்டாதவை மறுபகுதி. இரண்டும் ஒரே ஆளின் கையால் ஒரே கருவியில் எடுக்கப்பட்டவை.

அடுத்து, விவரக்குறிப்பு. டிடெக்டரின் செயல்பரப்பு, ஆற்றல் பிரிதிறன் போன்ற எண்களைக் 'குறைந்தது இவ்வளவு', 'அதிகபட்சம் இவ்வளவு' என்று எழுதுவது முறை. இதில் சில எண்கள் துல்லியமாக ஒரே மதிப்பாக நின்றன. ஒரு பத்தி, பயிற்சி நடத்திய நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டில் இருந்த அதே வாக்கியம், அதிலிருந்த எழுத்துப்பிழை உட்பட. ஒப்பந்தப்புள்ளிக்கு வந்ததும் ஒரே நிறுவனம்தான்.

மூன்றாவதாகக் கிடைத்ததைக் குழு எதிர்பார்க்கவில்லை. பரிசோதனை நிறுவனத்துடன் அவர் போட்டிருந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கினோம். நான்காம் பக்கத்தில், பணிக்காலத்தில் அவர் உருவாக்கும் 'முறைகள், மேம்பாடுகள் அனைத்தும்' நிறுவனத்துக்கே உரிமை என்று ஒரு விதி. அதே காலத்தில்தான் அவர், பல்கலைக்கழகத்துக்கு வந்த ஆய்வு நிதியில், ஈரமான உயிரியல் மாதிரிகளைத் தயாரிக்கும் முறை ஒன்றை ஒரு பேராசிரியருடன் சேர்ந்து மேம்படுத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தைத் தான் படிக்கவே இல்லை என்றார். நம்பினோம். படிக்காமல் போட்ட கையெழுத்தும் கையெழுத்துதான்.

இதன் ஆபத்து எவ்வளவு என்பதற்கு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்கும் ரோஷ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கே போதும். ஆய்வாளர் ஒருவர் தன் கண்டுபிடிப்பு உரிமையைப் பின்னர் எழுதித் தருவதாகப் பல்கலைக்கழகத்திடம் ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு வேறொரு நிறுவனத்தின் (இதன் உரிமைகளைத்தான் பின்னர் ரோஷ் வாங்கியது) ஆய்வகத்துக்குப் போய் வேலை கற்றபோது, உரிமையை இப்போதே எழுதித் தருவதாக அங்கே ஒரு படிவத்தில் கையெழுத்திட்டார். எச்.ஐ.வி. அளவைக் கண்டறியும் முறையின் உரிமை அந்தப் படிவத்தால் சிக்கலாகி, 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. பல்கலைக்கழகம் தோற்றது. அரசு நிதியில் நடந்த ஆய்வு என்பதாலேயே உரிமை தானாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடாது என்றது நீதிமன்றம்.

அவருடைய விளக்கம்

எழுத்துமூலம் கொடுத்த பதிலில் அவர் எதையும் மறைக்கவில்லை. சான்று தன்னிடம் இருக்கிறது, வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மேல் கருவி சும்மாதான் கிடக்கும், பயிற்சிக்குப் போய் வந்ததால்தான் பழுதைத் தானே சரிசெய்து பல்கலைக்கழகத்துக்குப் பணம் மிச்சப்படுத்த முடிகிறது, டேப்லெட்டைத் தான் கேட்கவில்லை, எல்லோருக்கும் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தார். விவரக்குறிப்பு விஷயத்தில், தனக்குத் தெரிந்த நல்ல டிடெக்டர் அதுதான் என்றார்.

இந்தக் கடைசி வரியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவர் லஞ்சம் வாங்கிக்கொண்டு எழுதவில்லை. ஒரு வாரம் ஒரே நிறுவனத்தின் டிடெக்டரில் பயிற்சி எடுத்தவருக்கு அது ஒன்றுதான் கண் முன்னே நிற்கும். போட்டி நிறுவனங்களின் கருவியை அவர் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. பயிற்சி என்ற அன்பளிப்பு வேலை செய்யும் விதம் இதுவே. கடமைப்பட்ட உணர்வுகூடத் தேவையில்லை, பழக்கம் போதும்.

கருவி சும்மா கிடந்தது என்ற வாதம் மட்டும் நிற்கவில்லை. நேரம் கிடைக்காமல் மூன்று வாரம் காத்திருந்த மாணவரின் விண்ணப்பம் அதே ஏட்டில் இருந்தது.

விதிகள் எங்கே நிற்கின்றன

பொதுப் பல்கலைக்கழக ஊழியர் பொது ஊழியரா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. பல நாட்டுச் சட்டங்கள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. இந்தியாவின் ஊழல் தடுப்புச் சட்டம், 1988, பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் முதல் எந்தப் பதவியிலுள்ள ஊழியர்வரை பொது ஊழியர் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. தேர்வுப் பணிக்கு அமர்த்தப்படும் வெளியாட்களும் அதில் அடங்குவர்.

அன்பளிப்பு என்பது பொட்டலத்தில் வருவது மட்டுமல்ல. இந்திய மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 13-ஆம் விதி, நெருங்கிய உறவினரோ அலுவல் தொடர்பு இல்லாத நண்பரோ அல்லாதவர் தரும் இலவசப் பயணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றையும் அன்பளிப்பாகவே கணக்கிடுகிறது. தற்செயலாக ஒருவேளை சாப்பிடுவதும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதும் கணக்கில் வராது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை தரும் நிதியில் ஆய்வு செய்பவர்கள், 2011-இல் திருத்தப்பட்ட விதிப்படி, தங்கள் நிறுவனப் பொறுப்புகளோடு தொடர்புடைய பயணத்துக்கு வெளியார் செலவு செய்தால் அதையும் அறிவிக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் அமெரிக்க அரசு அமைப்புகளும் ஏற்கும் பயணத்துக்கு அதில் விலக்கு உண்டு, விற்பனை நிறுவனத்துக்கு இல்லை.

மதிப்பு வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கூட்டாட்சி நிர்வாக ஊழியர்களுக்கு ஒரு முறைக்கு 20 டாலர், ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு 50 டாலர். அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழக ஊழியர்களை அந்தந்த மாநிலச் சட்டங்களே கட்டுப்படுத்தும். டேப்லெட் எந்த வரம்பையும் தாண்டும் என்பதால் எங்களுக்கு அங்கே சிக்கல் இல்லை. ஆனால் குழுவின் விவாதம் முழுக்க மதிப்பைச் சுற்றியே ஒரு நாள் ஓடியது, வீணாக. வாங்கியவர் கையில் கொடுத்தவர் சம்பந்தப்பட்ட முடிவு ஏதாவது இருக்கிறதா என்ற கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் அரை மணி நேரம் போதும்.

இன்னொன்று. அதே 1964 விதிகளில் அன்பளிப்பு 13-ஆம் விதியில் வருகிறது, தனிப்பட்ட தொழிலும் வேலையும் 15-ஆம் விதியில் வருகின்றன. சட்டம் எழுதும் வசதிக்காகப் பிரித்திருக்கிறார்கள். அலுவலகங்களோ அதே பிரிவின்படி கோப்புகளையும் பிரித்துவிடுகின்றன. இந்த நிகழ்வில் மூன்று காகிதங்களும் தனித்தனியே பார்த்தால் ஏறக்குறையச் சரியானவை. சேர்த்து வைத்த பிறகே முரண் தெரிந்தது.

எடுத்த முடிவுகள்

குழுவில் ஒருவர், கட்டணமின்றிக் கருவியைப் பயன்படுத்தியதே பொதுச் சொத்தைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்திய குற்றம், காவல் துறைக்கு அனுப்ப வேண்டும் என்றார். அவர் வாதத்தில் வலு இருந்தது. மற்ற இருவரும் உடன்படவில்லை. துறையே அளித்த சான்று அவர் கையில் இருந்தது. 'விடுமுறை நாட்களில்' என்பதைத் தவிர, அதன் சொற்கள் எதையும் தடுக்காத அளவுக்குத் தளர்வானவை. பல்கலைக்கழகம் தானே திறந்து வைத்த கதவுக்கு அவரை மட்டும் குற்றவாளியாக்க முடியாது என்று நினைத்தோம். மாற்றுக் கருத்து அறிக்கையில் அப்படியே பதிவு செய்யப்பட்டது.

பரிந்துரைத்தவை இவை. சான்று உடனே ரத்து. கட்டணம் கட்டாத மாதிரிகளுக்கு வெளிப்பயனர் விகிதத்தில் பரிசோதனை நிறுவனத்துக்கே கட்டணப் பட்டியல் அனுப்ப வேண்டும், ஏனெனில் பயன் அங்கேதான் போனது. ஏட்டில் பொய்யாகப் 'பராமரிப்பு' என்று எழுதியதற்காக அலுவலருக்கு எழுத்துமூலக் கண்டனமும் ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தமும். தண்டனையை அன்பளிப்போடோ வெளிப்பணியோடோ இணைக்காமல் இந்தப் பொய்ப் பதிவோடு மட்டும் இணைத்தது யோசித்து எடுத்த முடிவு. மற்ற இரண்டிலும் அவருக்கு யாரும் தெளிவான விதியைக் காட்டியிருக்கவில்லை. பொய்யாக எழுதக்கூடாது என்பதற்கு விதி தேவையில்லை.

டேப்லெட்டை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்புவதா, ஆய்வகச் சொத்தாகப் பதிவதா என்று பேசி, திருப்பி அனுப்பினோம். ஆய்வகச் சொத்தாக்கினால் அது அவர் மேசையிலேயேதான் இருக்கும். ஒப்பந்தப்புள்ளி ரத்து செய்யப்பட்டு, வேறு பல்கலைக்கழகத்தின் வல்லுநர் ஒருவரைக் கொண்டு விவரக்குறிப்பு புதிதாக எழுதப்பட்டது. மாதிரி தயாரிப்பு முறை குறித்துப் பரிசோதனை நிறுவனத்திடம் எழுத்துமூல உரிமைத் துறப்புக் கேட்கப்பட்டது.

பின்னர் நடந்தது

பரிசோதனை நிறுவனம் பட்டியல் தொகையைக் கட்டிவிட்டது. உரிமைத் துறப்புக்கு மட்டும் பல மாதங்கள் இழுத்தார்கள். சட்டப் பிரிவு மூன்று முறை நினைவூட்டிய பிறகே கையெழுத்தாகி வந்தது. அதுவரை பேராசிரியர் தன் கட்டுரையை அனுப்ப முடியாமல் வைத்திருந்தார்.

புதிய ஒப்பந்தப்புள்ளிக்கு மூன்று நிறுவனங்கள் வந்தன. தேர்வானது பழைய நிறுவனமேதான். "இதற்கா இவ்வளவு?" என்று ஆட்சிக்குழுவில் ஒருவர் கேட்டார். முதல் முறை தனியாக நின்றபோது கேட்ட விலையைவிட இரண்டாம் முறை அந்த நிறுவனம் குறைத்தே கேட்டிருந்தது. கோப்பில் இருந்த இரண்டு தாள்களையும் காட்டியதும் கேள்வி அடங்கியது.

அலுவலர் வேலையை விடவில்லை. ஆனால் சில மாதங்கள் விதிப்படி மட்டுமே வேலை செய்தார். ஐந்து மணிக்கு அறை பூட்டப்பட்டது. சிறு பழுதுக்கும் பொறியாளர் வரும்வரை கருவி நின்றது. மாணவர்களின் வரிசை குறைவதற்குப் பதில் கூடியது. இதைக் குழு எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். எதிர்பார்த்தோம்தான். கருவியை இயக்க இரண்டாவது ஆள் ஒருவரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற பரிந்துரை அறிக்கையிலேயே இருந்தது, நிதி ஒதுக்கீடுதான் தாமதமானது.

புகார் எதுவும் வராமலே வேறு இரு துறைகளிலிருந்து இருவர் தாமாக முன்வந்து தங்கள் வெளிப்பணியை அறிவித்தார்கள். ஒருவர் நூல் பதிப்பகம் ஒன்றின் வினாத்தாள் தொகுப்புக்கு எழுதிக்கொண்டிருந்தார், அதே பாடத்தின் தேர்வுக் குழுவிலும் இருந்தார். அதைத் தனியே கையாள வேண்டியிருந்தது.

மாற்றப்பட்டவையும் மாறாதவையும்

இப்போது ஆண்டுக்கு ஒருமுறை எல்லா ஊழியர்களும் ஒரே படிவத்தை நிரப்புகிறார்கள்: பெற்ற அன்பளிப்பு, வெளியார் செலவிலான பயணம், வெளிப்பணி. எதுவும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இடையில் புதிதாக ஏதாவது வந்தால் 30 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். விவரக்குறிப்பு எழுத யாரையாவது நியமிக்கும் முன் கொள்முதல் பிரிவு அந்தப் படிவத்தைப் பார்த்தாக வேண்டும். உறுதிமொழியில் பங்கு, உறவு மட்டுமல்லாமல் 'பயிற்சி, பயணம், ஊதியம், அன்பளிப்பு' என்ற சொற்களும் சேர்ந்தன.

விற்பனை நிறுவனம் தரும் பயிற்சி தடை செய்யப்படவில்லை, தடை செய்வது முட்டாள்தனம். பயிற்சி கொள்முதல் ஒப்பந்தத்தின் ஒரு வரியாகவே எழுதப்படுகிறது. அழைப்பு பல்கலைக்கழகத்தின் பெயருக்கு வரும், யாரை அனுப்புவது என்பதைப் பல்கலைக்கழகம் தீர்மானிக்கும். வெளிப்பணி அனுமதியில் நிறுவனத்தின் பெயர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், முடியும் தேதி இருக்க வேண்டும். வெளி ஒப்பந்தத்தின் நகலைச் சட்டப் பிரிவு படித்த பிறகே அனுமதி. முன்பதிவு ஏட்டில் 'பராமரிப்பு' என்று அடைத்தால் பக்கத்தில் சேவை அறிக்கை எண் வேண்டும். எல்லா மாற்றங்களிலும் மலிவானது இந்தக் கடைசி ஒன்று, முதல் மாதத்திலேயே பலன் தெரிந்ததும் இதில்தான்.

தொழில்நுட்ப ஊழியர்களுக்கான ஆலோசனைப் பணி விதி இன்னும் வரைவாகவே இருக்கிறது. கட்டணத்தில் ஊழியரின் பங்கு எவ்வளவு என்பதில் நிதிக்குழு இரண்டு முறை கேள்வி எழுப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறது. பரிசோதனை நிறுவனம் இப்போது தன் மாதிரிகளை முழுக் கட்டணம் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. படங்களை விளக்கிச் சொல்ல அதே அலுவலர்தான் வேண்டும் என்று கேட்டு, அந்த வரைவு விதி எப்போது வரும் என்று பதிவாளருக்குக் கடிதமும் எழுதியிருக்கிறது.